தோள் எலும்பில் நின்ற முனை

நான் வீழ்த்திய கொம்பன் மானின் வலது தோளை அறுத்துக்கொண்டிருந்தபோது கத்தி எதிலோ நறுக்கென்று தட்டியது. எலும்பு என்று நினைத்தேன். ஆனால் எலும்பு அப்படிச் சத்தம் போடாது. சதையை விலக்கியதும் குப்பென்று கெட்ட வாடை அடித்தது. சீழ் கோத்திருந்த இடத்தில், தோள்பட்டை எலும்பில் பாதி புதைந்து, ஓர் அம்பு முனை நின்றது.

என் அம்பு இல்லை. என்னுடையது அந்த எல்க் மானின் இடது விலாவில் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, ரத்தத்தோடு புல்லில் கிடந்தது. இது நாலைந்து நாள் பழைய காயம். அம்பு விடுவதற்கு முன்னால் கொம்பன் லேசாக நொண்டியது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கல்லில் சறுக்கியிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பேட்ஜர் ஓடைப் பள்ளத்தில் எங்கள் முகாமைத் தவிர வேறு முகாம் கிடையாது. எங்கள் முகாமில் மூன்றே பேர். நான், என் கணவன் ஓரின், என் மகள் ஹோலியைக் கட்டிக்கொள்ளப் போகிற டெரிக். நான் எய்யவில்லை. ஓரின் எய்திருந்தால் சொல்லியிருப்பான். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

இடுக்கியால் முனையை அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். பின்னால் விரல் நீளத்துக்கு உடைந்த அம்புத் தண்டும் சேர்ந்து வந்தது. காட்டு இலை மாதிரி புள்ளி போட்ட தண்டு. ஓரினும் நானும் வெறும் கறுப்புத் தண்டுதான் வைத்திருக்கிறோம். புள்ளி போட்ட தண்டு டெரிக்குடையது. இத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முனையின் ரத்தத்தைப் புல்லில் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். அது எங்கள் முனை.

எங்கள் முனை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், நாங்கள் ஒருபக்கச் சாணை முனைதான் பயன்படுத்துவோம். கத்திக்கு இரண்டு பக்கமும் தீட்டுவார்கள். இதற்கு ஒரு பக்கம்தான் சாய்வு, மறுபக்கம் உளி மாதிரி தட்டை. இரண்டு பக்கம் தீட்டிய முனை எலும்பில் குத்தி நிற்கும். ஒருபக்க முனை உள்ளே போகும்போதே திருகும்; எலும்பு விறகு மாதிரி பிளந்துவிடும். திருகுவது எந்தத் திசையில் என்பதைச் சாய்வு தீர்மானிக்கிறது. வலச்சாய்வு வலப்பக்கம் திருகும், இடச்சாய்வு இடப்பக்கம். அதனால் அம்பின் வாலில் ஒட்டுகிற வான்கோழி இறகும் அதற்குப் பொருந்தியிருக்க வேண்டும். இடச்சாய்வு முனைக்கு இடது இறக்கை இறகு. அப்போதுதான் அம்பு பறக்கும்போது சுழல்வதும் எலும்புக்குள் திருகுவதும் ஒரே பக்கமாக இருக்கும். மாற்றிப் போட்டால் அம்பு தன்னோடு தானே சண்டை போட்டு, எலும்பில் அப்படியே நின்றுவிடும்.

ஓரினும் நானும் கல்யாணம் ஆன காலத்திலிருந்து இடச்சாய்வுதான். டெரிக் கடையில் வாங்கி வந்தது வலச்சாய்வு, வலது இறகு. வந்த அன்றே ஓரின் அதை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, "கடைச் சாணையா? இதை வெச்சு வெண்ணெய் வெட்டலாம்" என்றான். டெரிக் சிரித்துக்கொண்டான். ஆக, என் கையில் இருந்தது டெரிக்கின் தண்டில் எங்கள் முனை. பயல் மானைக் காயப்படுத்தி மறைத்தது மட்டுமில்லை, எங்கள் பெட்டியிலிருந்து முனையைத் திருடியும் இருக்கிறான். அதையும் முட்டாள்தனமாக வலது இறகோடு மாட்டியிருக்கிறான். எனக்குக் கோபத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. பொய் சொல்வானேன்.

அவன் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். கேட்காமலே பாத்திரம் கழுவுவான். சாப்பாட்டில் உப்பு கூடினாலும் நன்றாக இருக்கிறது என்பான். முப்பது வயதில் ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு நல்லவனாக இருந்தால், எதையோ மூடி வைத்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். ஹோலியிடம் சொன்னேன். அவள் என்னை நன்றாகத் தெரிந்தவள். "அம்மா, ஒரு வேட்டைக் காலம் முழுக்க அவன்கூட ஒரே கூடாரத்துல இரு. இறங்கி வந்து அவன் சரியில்லைன்னு நீ சொன்னா, கல்யாணத்தை நிறுத்திடறேன். சும்மா மூஞ்சி பிடிக்கலைன்னு சொல்லக்கூடாது. காரணம் சொல்லணும்" என்றாள். அந்தக் காரணத்தைத்தான் பழைய கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.

உடனே போய்க் கத்தியிருக்கலாம். ஆனால் கத்தினால் மன்னிப்புக் கேட்பான். மன்னிப்புக் கேட்கிறவனை ஹோலி மன்னித்துவிடுவாள். அவன் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டும். அதற்காகக் காத்திருக்க முடிவு செய்தேன்.

எங்கள் முகாமுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ஓரின் போட்டது. ரத்தம் பார்த்தால் சீட்டு போச்சு. அம்பு பட்டு மான் ரத்தம் சிந்திவிட்டால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்த வருஷம் உன் மான் அதுதான். முகாமில் வந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், எல்லாரும் சேர்ந்து தேட வேண்டும், கிடைக்கவில்லை என்றால், வருஷத்துக்கு ஒரு மான் என்று அரசாங்கம் கொடுக்கிற உன் வேட்டைச் சீட்டை நீயே வெட்டிப்போட வேண்டும். அரசாங்கம் இப்படிக் கேட்பதில்லை. ஓரின் கேட்பான்.

மறைத்தவனுக்கு முகாமில் இடமில்லை. அடுப்புப் பக்கத்தில் நிற்கிற பெரிய ஃபிர் மரத்தில் ஓர் அம்பு குத்தி நிற்கிறது. ஓரினின் தம்பி டெல்பர்ட்டின் அம்பு. ஹோலி பால்குடி மறக்காத காலத்தில், பள்ளத்தில் அழுகிக் கிடந்த ஒரு கொம்பனின் உடம்பிலிருந்து ஓரின் அதை உருவிக்கொண்டு வந்தான். டெல்பர்ட், "நான் எய்யவே இல்லை" என்று சத்தியம் செய்தான். அம்பு அவனுடையது, அதே அலுமினியத் தண்டு, அவன் ஒட்டிய வலது இறகு. ஓரின் அந்த அம்பை வில்லில் ஏற்றி மரத்தில் எய்தான். "இது இங்கயே இருக்கட்டும். பொய் சொன்னா என்ன ஆகும்னு வர்றவன் பார்க்கட்டும்" என்றான். டெல்பர்ட் அன்றைக்கே மூட்டை கட்டினான். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் பேசியதில்லை. மலையடிவாரத்தில் டெல்பர்ட்டின் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் பாதை. இந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவன் யாராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கி வணக்கம் சொல்வோம். டெல்பர்ட்டுக்கு ஓரின் தூக்க மாட்டான்.

மரம் வளர்ந்து பட்டை மூடி, இப்போது அந்த அம்பின் தண்டும், பூச்சி அரித்த இறகும்தான் வெளியே தெரிகின்றன.

மத்தியானம் இறைச்சியை ஏற்ற ஓரினும் டெரிக்கும் பிஸ்கட் என்கிற எங்கள் கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அடேங்கப்பா, ஷெரீஃப் அம்மா!" என்று ஓரின் தொப்பியைக் கழற்றினான். என் சந்தேகப் புத்திக்காக அவன் எனக்கு வைத்த பெயர் அது. "எத்தனை தப்படியில?"

"இருபது இருக்கும். பதினஞ்சு கூட இருக்கலாம்."

"நல்லா செத்துச்சா?"

"நான் விட்டது நல்லாதான் போச்சு" என்று சொல்லிவிட்டு டெரிக்கைப் பார்த்தேன்.

டெரிக் என்னைப் பார்க்கவில்லை. வெட்டி வைத்திருந்த வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிய சதையை அறுத்து எறிந்துவிட்டேன், ஆனால் அந்த இடத்தில் குழி இருந்தது. அவன் குனிந்து அந்தத் தோளைத்தான் முதலில் எடுத்துத் துணிப்பையில் போட்டான். சும்மா ஒருத்தன் அப்படி எடுப்பானா?

சாயங்காலம் மானின் ஈரலையும் இதயத்தையும் வெங்காயம் போட்டு வதக்கினேன். பீன்ஸ் இருந்தது. மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது சாதாரணமாகத் தூண்டிலைப் போட்டேன்.

"அந்தக் கொம்பனுக்குத் தோள்ல பழைய காயம் ஒண்ணு இருந்தது. சீழ் புடிச்சுக் கெடந்தது. பாவம், எத்தனை நாளா வலியோட நடந்துச்சோ."

டெரிக்கின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. முகம் வெளுத்தது. ஓரின் மென்றுகொண்டே, "செப்டம்பர்ல கொம்பனுங்க குத்திக்கறது புதுசா? பொட்டைக்காக அடிச்சுக்கிட்டிருக்கும். அந்த ரொட்டியை இப்படித் தள்ளு" என்றான்.

"கொம்பு குத்தினா இவ்ளோ சின்னதாவா இருக்கும்?"

"கிளை நுனி பட்டிருக்கும், ஷெரீஃப். நீ மானுக்கும் விசாரணை வைக்காதே."

"நீ என்னப்பா சொல்றே, டெரிக்?" என்று கேட்டேன்.

"எனக்கு அவ்வளவா தெரியாது, மிஸஸ் நீல்சன்." தட்டைக் கீழே வைத்துவிட்டான். "நான் போய் தண்ணி கொண்டு வரேன்." வாளியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

எனக்கு அது போதும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாலு நாள் முன்னால் இவன் தனியாகக் கிழக்கு மேட்டுக்குப் போகிறேன் என்று விடிவதற்கு முன் கிளம்பிப்போய், பொழுது சாய்ந்த பிறகு வந்தான். பேன்ட் முழங்காலில் கிழிந்து, கையெல்லாம் முள் கீறல். கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றான். கிழக்கு மேட்டில் முள் ஏது? முள் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம்.

மறுநாள் காலை அவன் ஓடைக்கு முகம் கழுவப் போனான். ஓரின் கழுதைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தான். நான் முதலில் எங்கள் முனைப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சில் வரிசையாகப் புதைத்திருந்த முனைகளில் ஓர் இடம் காலியாக இருந்தது. பிறகு டெரிக்கின் படுக்கைப் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இல்லை. பெண்ணைக் கொடுக்கப் போகிறவளுக்கு அவன் படுக்கையைத் தட்டிப் பார்க்க உரிமை உண்டு என்றுதான் அப்போது நினைத்தேன். கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்தான். உடைந்த அம்பு. புள்ளி போட்ட தண்டு, வலது இறகு, இறகில் காய்ந்த ரத்தம். என் பையிலிருந்த துண்டை அதன் நுனியில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, காப்பிப் பானை பக்கத்தில் இரண்டு துண்டுகளையும் வைத்துவிட்டு நின்றேன்.

"இது என்ன?"

அவன் பார்த்தான். ஓரினும் கழுதையை விட்டுவிட்டு வந்தான்.

"உன் அம்புதானே?"

"ஆமா. என் அம்புதான்."

"எங்க பெட்டியிலேர்ந்து முனையை எடுத்து மாட்டியிருக்கே. மான் மேல விட்டிருக்கே. அது ரத்தம் சிந்திக்கிட்டு ஓடியிருக்கு. வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நேத்து நான் கேட்டப்பவும் வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடினே. இல்லைன்னு சொல்லு பார்க்கலாம்."

டெரிக் ஒரு தடவை ஓரினைப் பார்த்தான். ஓரின் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தான். கோப்பையிலேயே கண்ணை வைத்திருந்தான்.

"சட்டம் தெரியும்ல?" என்றேன்.

"தெரியும், மிஸஸ் நீல்சன்."

அவன் பர்ஸிலிருந்து வேட்டைச் சீட்டை எடுத்தான். இடுப்புக் கத்தியால் குறுக்காக வெட்டி, இரண்டு துண்டையும் என் கையில் கொடுத்தான். இந்தச் சீட்டுக்காக அவன் எத்தனை வருஷம் குலுக்கலில் பெயர் கொடுத்தான் என்று ஹோலி சொல்லியிருக்கிறாள். முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"ஹோலிகிட்ட நான் சொல்லத்தான் போறேன்" என்றேன்.

"சொல்லுங்க."

"அவ்வளவுதானா? ஏன், எதுக்குன்னு ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்றதுக்கு எதுவும் இல்லை. நான் சாமான் கட்டறேன்." திரும்பிக் கூடாரத்துக்குள் போனான்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை. பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். பிடிபட்டால் நிறையப் பேசுவார்கள். இவன் பேசவில்லை என்பதுதான் உறுத்தியது.

"பையனைப் போட்டு ரொம்ப வறுத்துட்டே" என்றான் ஓரின்.

"உன் சட்டம்தானே?"

"என் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தான்.

வழக்கப்படி டெரிக்கின் அம்பும் டெல்பர்ட்டின் அம்புக்குப் பக்கத்தில் மரத்தில் ஏற வேண்டும். உடைந்த அம்பை எய்ய முடியாது, சுத்தியலால்தான் அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் முனையில் ஒட்டியிருந்த எலும்புத் தூளையும் சீழையும் கழுவ, அதைச் சுடுதண்ணீரில் போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தேன். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

தட்டையான பக்கத்தில், நுனிக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக இரண்டு மெல்லிய கீறல்கள் இருந்தன.

சாய்வுப் பக்கத்தைத் தீட்டும்போது மறுபக்கம் மயிரிழை அளவுக்கு இரும்புப் பிசிர் நிற்கும். நான் அதைத் தோல் வாரில் இழுத்து எடுப்பேன். ஓரினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கல்லில் சரக் சரக் என்று இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கீறலை இருட்டில் விரலால் தடவினாலும் சொல்லிவிடுவேன்.

பெட்டியில் இருக்கிற முனைகள் கடையிலிருந்து வந்தபடியே மொக்கையாக இருக்கும். அம்பில் மாட்டும்போதுதான் ஓரின் தீட்டுவான். ஆகவே இந்த முனை பெட்டியிலிருந்து வரவில்லை. ஓரினின் அம்பிலிருந்து வந்திருக்கிறது. ஓரினின் அம்புக்கூடு அவன் தலைமாட்டில்தான் தூங்கும்.

போய் எடுத்துப் பார்த்தேன். எல்லா முனைகளும் எண்ணெய் பட்டுப் பழுப்பேறி இருந்தன. ஒன்று மட்டும் நேற்றுத் தீட்டியது மாதிரி பளபளவென்று இருந்தது. பெட்டியில் காலியாக இருந்த இடம் எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. டெரிக் திருடியிருந்தால், ஒரு முனை காணோம் என்றதும் ஓரின் மலையே அதிரக் கத்தியிருப்பான். ஆனால் அவன் கத்தவில்லை. சத்தம் போடாமல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தீட்டி மாட்டியிருக்கிறான்.

அதே நேரத்தில் கண்ணில் பட்டது அவனுடைய மர வில். நாணில் புதிதாக மெழுகு தேய்த்திருந்தான், ஆனால் விரல் பட்ட கறுப்பே இல்லை. இந்தக் காலம் முழுக்க அதை அவன் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. பனிக்காலத்தில் வைக்கோல் கட்டு தூக்கித் தோளைப் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. சரியாகிவிட்டது என்றான். நானும் நம்பினேன். ஊரில் ஒருத்தரையும் நம்பாத நான் இவன் ஒருத்தனை மட்டும் திருப்பிக்கூடப் பார்க்காமல் நம்பியிருக்கிறேன்.

முனையைக் கொண்டுபோய் ஓரினின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். தட்டைப் பக்கம் மேலே இருந்தது.

"கீறலைப் படி" என்றேன்.

அவன் படிக்கவில்லை. அவனுக்கும் படிக்கத் தேவையில்லை. "அம்பு அவனோடதுதானே" என்றான்.

"அம்பு அவனோடது. வில்லு யாரோடது? இழுத்தது யாரு?"

கூடார வாசலில் டெரிக் பையோடு நின்றிருந்தான். "மிஸஸ் நீல்சன், விட்டுடுங்க" என்றான்.

"நீ வாயை மூடு. நீ ஏற்கெனவே மூடிக்கிட்டு இருந்தது போதும். ஓரின்!"

ஓரின் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். "தோள் வரலை, வெர்னா. பாதிக்கு மேல இழுக்க முடியலை. அவனோட கப்பி வில்லை இழுத்தா கடைசியில லேசாயிடுது. ஒரே ஒரு தடவை குடுடான்னு கேட்டேன். குடுத்தான்."

கப்பி வைத்த வில்லை எந்திரம் என்று நாற்பது வருஷம் கேலி செய்தவன் இப்படிப் பேசினான்.

"வில்லைக் கடன் வாங்கினே. அம்பைக் கடன் வாங்கினே. அவன் முனையையும் அப்படியே வெச்சு விட்டிருந்தா அது எலும்பைப் பொளந்துக்கிட்டுப் போயிருக்கும். முனையை ஏன் மாத்தினே?"

"கடைச் சாணைடி அது. அதைப் போய் எப்படி மான் மேல விடறது?"

"வலது இறகுல இடச்சாய்வு மாட்டினா என்ன ஆகும்னு இந்தப் பள்ளத்தாக்குக்கே சொல்லிக் குடுத்தவன் நீ."

"தெரியும். கிட்டக்க நின்னுது. இவ்ளோ கிட்டத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

அடுத்தவன் தீட்டியதைத் தொட மாட்டேன் என்கிற வீம்பு. அதற்காக அந்தக் கொம்பன் நாலைந்து நாள் சீழோடு நடந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், அந்தப் பையன் சீட்டை வெட்டும்போது இவன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

நான் டெரிக் பக்கம் திரும்பினேன். "கிழக்கு மேட்டுக்குப் போறேன்னு போனியே, அன்னிக்கு?"

"தேடிக்கிட்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் முள்ளு வரைக்கும் ரத்தம் இருந்தது. அப்புறம் காணோம்."

"அம்பை ஏன் வெச்சிருந்தே?"

"புதைக்கச் சொன்னாரு. மனசு வரலை."

"என்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? சீட்டு போச்சு. கல்யாணமே போயிருக்கும்."

டெரிக் பையைக் கீழே வைத்தான். முதல் தடவையாக என் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினான். "சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதோட, நான் என்ன சொன்னாலும் நீங்க என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பீங்க, மிஸஸ் நீல்சன். அம்பு என்னோடது. அவர் உங்க வீட்டுக்காரர். நான் இல்லைன்னு சத்தியம் பண்ணியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"அம்பு என்னோடதுதான், ஆனா நான் எய்யலை." இதே இடத்தில், இதே அடுப்புப் பக்கத்தில், வேறொருத்தன் தொண்டை கிழியச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

மெல்லத் தலையைத் திருப்பி ஃபிர் மரத்தைப் பார்த்தேன். பட்டைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது அலுமினியத் தண்டு. வலது இறகு. டெல்பர்ட் எப்போதும் வலச்சாய்வுதான். அண்ணன் மாதிரி எனக்கு எதுவும் வேண்டாம் என்பான். முனை மரத்துக்குள் இருக்கிறது. அன்றைக்கு ஓரின் பள்ளத்திலிருந்து வந்தபோது முனையைக் கையால் மூடியபடிதான் வந்தான். ரத்தம் படாமல் இருக்க என்று நினைத்தேன். வந்த வேகத்தில் மரத்தில் எய்தான். முனையை நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

"அந்த வருஷம் உன் அம்பெல்லாம் பாறையில அடிச்சு உடைஞ்சு போச்சுன்னு சொன்னே, இல்லே?" என்று கேட்டேன். "அப்புறம் எதை வெச்சு வேட்டைக்குப் போனே?"

ஓரின் எழுந்து நின்றான். "அதை விடு, வெர்னா."

மானுக்கு விசாரணை வைக்காதே, ஷெரீஃப் என்று கிண்டல் செய்யவில்லை. வெறும் வெர்னா. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் விறகுக் கோடாலியை எடுத்தேன். பச்சை மரம், பிசின் தெறித்தது. நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். ஓரின் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் டெரிக் வந்து கோடாலியை வாங்கி மிச்சத்தைக் கொத்தினான். கடைசியில் ஒரு கட்டையோடு அம்பு கையில் வந்தது. கட்டையைப் பிளந்தேன்.

துருப்பிடித்திருந்தது. கீறல் ஏதும் தெரியவில்லை. ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் துரு மறைக்காது. நுனியை எதிரே நீட்டிப் பிடித்தேன். இடப்பக்கம்.

தம்பியின் அம்பில் ஓரின் தன் முனையை மாட்டி எய்திருக்கிறான். டெல்பர்ட் சத்தியம் செய்தபோது, பொய்யனுக்குத்தான் சத்தியம் சுலபமாக வரும் என்று சொன்னது நான். மூட்டை கட்டியவனுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஓரின் தன் சீட்டை எடுத்து வெட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை, யாரும் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை. துண்டுகள் அவன் காலடியில் கிடந்தன.

மத்தியானத்துக்குள் முகாமைக் கலைத்தோம். இறைச்சியைப் பிஸ்கட்டின் மேல் ஏற்றி இறங்கினோம். பாதை தொடங்கும் இடத்தில் நிறுத்தியிருந்த வண்டியை நான்தான் ஓட்டினேன். ஓரின் பக்கத்தில், டெரிக் பின்சீட்டில். பாதி வழியில் நான் கண்ணாடியில் பார்த்து, "ஹோலிகிட்ட நான் சொல்றதா இருந்தது" என்றேன்.

"ம்."

"நீ சரியில்லைன்னு சொல்ல என்கிட்டக் காரணம் இல்லை. ஆனா வாக்கு குடுக்கும்போது யாருக்குக் குடுக்கறோம்னு பார்த்துக் குடு. இனிமே மிஸஸ் நீல்சன்னு கூப்பிடாதே. என் பேரு வெர்னா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவ்வளவு சீக்கிரம் அப்படிக் கூப்பிட்டுவிடுவான் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது சந்தேகப்படுவது அவன் முறை.

டெல்பர்ட்டின் வீட்டுத் தபால்பெட்டி தெரிந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன். வாசலில் அவன் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தான். கையில் விறகோடு அப்படியே நின்றான், கிட்டே வரவில்லை.

ஓரின் இறங்கவில்லை. துருப்பிடித்த முனை அவன் உள்ளங்கையில் இருந்தது. டெரிக் இறங்கி அவன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"என்னன்னு போய்ச் சொல்றது?" என்று ஓரின் கேட்டான்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதை அவன் கையில குடு" என்றேன். "டெல்பர்ட்டுக்குச் சாய்வைப் படிக்கத் தெரியும்."